வெயிலில் காய்ந்த கவசம்

என் கணவருக்கு வேலையில் முதன்முதலாகக் கொடுத்த குண்டு துளைக்காத சட்டையை அவர் வெகுகாலம் மாட்டிக்கொண்டதே இல்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு போவார். அவர் அப்போது ஆயுதப்படையில் ஏட்டு. கூப்பிட்ட நேரத்துக்கு ஜீப்பில் ஏறிப் போகிற வேலை. சட்டை என்பது பெயருக்குத்தான். முன்னால் ஒரு இரும்புத் தகடு, பின்னால் ஒரு இரும்புத் தகடு, இரண்டையும் சேர்க்கத் தோல் வார். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஜீப்பின் பின் இருக்கையில் ஸ்பிரிங் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சட்டையைப் போட்டு உட்கார்ந்தால் குத்தாது. அதனால் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

"ஏங்க, சுடுறவன் கீழேருந்தா சுடுவான்?" என்று கேட்டேன்.

"திருச்சி வெயில்ல அதை மாட்டிக்கிட்டு நின்னா, என்னைக் கொல்ல இன்னொருத்தன் வரணுமா?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, என் மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பதிலுக்கு என்னால் கோபப்பட முடியவில்லை. சித்திரை மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் என் சேலையே எனக்குப் பாரமாக இருக்கும்.

அந்த வருஷம் வையம்பட்டிப் பக்கம் ஒரு சோதனைக்குப் போன இடத்தில், நாட்டுத் துப்பாக்கி ஒன்று வெடித்து, அவரோடு போனவருக்குத் தோளிலும் மார்பிலும் பால்ரஸ் குண்டுகள் ஏறிவிட்டன. உயிர் பிழைத்தார். வலது கை மட்டும் தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. அவருடைய இரும்புச் சட்டையும் ஜீப்பில்தான் இருந்தது. என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன்மேல்தான் உட்கார்ந்தார்.

நான் துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் கிளாஸ் பட்டறையில் வேலை பார்த்தேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டீச்சராகாமல் போனது எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். கண்ணாடி இழைத் துணியை ரெசின் பசையில் தோய்த்து, அச்சில் அடுக்கி, தண்ணீர்த் தொட்டி, ஸ்கூட்டர் ஹெல்மெட், ஆலைகளுக்கு வேண்டிய மூடிகள் என்று செய்வோம். ரெசின் கலக்குவதும், செய்த பொருளை உடைத்துப் பார்ப்பதும் என் வேலை. உடைப்பதற்குச் சம்பளம் தருகிற இடம் வேறெங்கே கிடைக்கும்? எனக்குப் பொருத்தமான வேலைதான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முழங்கை வரைக்கும் அரித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி இழையின் குணம் அது.

"கண்ணாடியை நூலாக்கறாங்களாம், இவ அதைக் கையால அள்ளறாளாம்," என்று மாமியார் என் காதில் விழும்படி சுவரிடம் சொல்வார். சொல்லிவிட்டு, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைப்பார். முசிறியில் வாழைத் தோட்டமும் வயலுமாக இருந்த குடும்பம். மாமனார் போன பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டார். எங்கள் இருவருக்கும் பத்து வருஷமாக ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எதற்காக என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

பட்டறை முதலாளியும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான். பெரிய ஆலையில் என்ஜினீயராக இருந்து, விட்டுவிட்டு வந்து சொந்தமாக ஆரம்பித்தவர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல் ரெசின் புகையில் நிற்பார். இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வருவோம் என்பதால், பட்டறையின் முக்கியமான முடிவுகளெல்லாம் பஸ்ஸில்தான் எடுக்கப்பட்டன. காவல் துறை அதிகாரி ஒருவர் எங்கள் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "மார்புக்கு இதுபோல லேசாக ஏதாவது செய்ய முடியுமா? பிஸ்டல் குண்டும் நாட்டுத் துப்பாக்கியும் தாங்கினால் போதும். முதலில் ஐந்து செய்து காட்டுங்கள்," என்று கேட்ட செய்தியையும் அவர் பஸ்ஸில்தான் சொன்னார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கையை விட்டுவிட்டேன்.

"என்னம்மா, விழுந்துடப் போறே," என்றார்.

"சார், அதை நாமதான் செய்யணும்," என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பஸ்ஸில் பேசியதைக் கேட்டவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. "நெஞ்சுல பட்டா எவ்வளவு ஆழம் அமுங்கும்?" "துளைக்காட்டியும் விலா எலும்பு போயிடும் சார்." முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலாளிக்குக் கண்ணாடி இழைமேல்தான் பிரியம். கைக்குப் பழகிய சரக்கு. துணியை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் ஊற்றி, அழுத்தி, சுட்டெடுத்தால் பலகைபோல வரும். குண்டு தாங்கும் கனத்துக்குப் போனபோது அது இரும்பில் பாதிக்கு மேல் எடை வந்துவிட்டது. வளையவும் இல்லை. அதை மாட்டிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தால் மேல் விளிம்பு தாடையில் இடித்தது. பீங்கான் வில்லையைக் கண்ணாடி இழைப் பலகையில் ஒட்டிப் பார்த்தோம். குண்டுக்கு அது எமன்தான். ஆனால் பட்டறைப் பையன் கைதவறிக் கீழே போட்டதும் கீறல் விட்டுவிட்டது. கீழே விழுந்தால் உடைகிற கவசத்தை ஓடுகிறவனிடம் எப்படிக் கொடுப்பது? நைலான் துணியை அடுக்கினோம். தடிமன் மெத்தையைத் தொட்டுவிட்டது. மார்கழி மாதத்துக்கு வேண்டுமானால் சுகமாக இருந்திருக்கும்.

கடைசியாக, பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வெளிநாட்டுத் துணி ஒரு சுருள் வந்தது. அராமிட் என்கிற இழையில் நெய்தது. நாங்கள் மஞ்சள் துணி என்றே சொன்னோம். அப்படியொரு மஞ்சளை நான் பார்த்ததில்லை. முதலாளி விரலால் தடவிப் பார்த்து, "பெருமாளுக்குச் சாத்தற பீதாம்பரம் மாதிரின்னா இருக்கு," என்றார். வெட்டப் போனால் கத்தரிக்கோல் வழுக்கியது. டெய்லரைக் கூட்டிவந்தோம். அவர் தன் கத்தரிக்கோலை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று போய்விட்டார். உளி வைத்துத் தட்டித்தான் வெட்டினோம். அவ்வளவு பிடிவாதமான துணி, ஆனால் கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

முதலாளி தயங்கினார். விலையும் அதிகம், கைக்குப் புதிது. "கண்ணாடிப் பலகையே தாங்கறதே அம்மா. எடை கொஞ்சம் கூட இருந்தா என்ன? போலீஸ்காரன்தானே, தூக்க மாட்டானா?"

எனக்குச் சுருக்கென்றது. "தூக்குவான் சார். தூக்கி ஜீப்பில போட்டு மேல உட்காருவான். குண்டை நிறுத்தற சட்டை மட்டும் நமக்குப் போதாது. கழட்டாத சட்டைதான் வேணும்."

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டும் என்றார். பட்டறையில் இதற்கு மெஷின் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவரை மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனோம். கண்ணாடிப் பலகையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு உச்சிப்பிள்ளையார் வரைக்கும் ஒரு தடவை. கீழே வந்து சர்பத் குடித்து இளைப்பாறிவிட்டு, மஞ்சள் துணி அடுக்கைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை. முதல் தடவை பாதிப் படியில் சுவரில் சாய்ந்துவிட்டார். முகம் செக்கச்சிவந்து போயிற்று. இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா அவருடைய வீங்கின மார்பையும் வியர்வையையும் பார்த்து, "என்ன தம்பி வேண்டுதல்?" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கணும்னு பாட்டி," என்றார் இவர்.

"புள்ளையார் குடுப்பார், போ," என்று சொல்லி அவர் இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் தடவை என் கணவர் உச்சிக்குப் போய், அங்கிருந்து கையை ஆட்டினார். முதலாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "சரிம்மா, மஞ்சள் துணி," என்றார்.

ஆனாலும் கண்ணாடிப் பலகையை விடக்கூடாது என்று அவர் நினைத்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. துணி குண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடிக்கிற வேகத்தில் உள்பக்கம் பிதுங்கி நெஞ்சில் குத்தும். அதைப் பார்ப்பதற்காகக் கொள்ளிடக் கரைக் களிமண்ணை ஒரு பெட்டியில் அடைத்து, அதன்மேல் துணி அடுக்கைக் கட்டி, ஊருக்கு வெளியே ஒரு கரட்டு மலை அடியில் இருந்த போலீஸ் சுடும் திடலுக்குக் கொண்டுபோனோம். "நீங்க ஜீப்பிலயே இருங்கம்மா," என்றார் அங்கே பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர். இருக்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றேன். குண்டு துணிக்குள் சப்பையாகிக் கிடந்தது. களிமண்ணில் ஒரு குழி விழுந்திருந்தது. அது என் கணவருடைய நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு குழிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தேன். அதிகம்தான். பிறகு துணிக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடி இழைத் தகடு ஒன்றைச் சேர்த்ததும் குழி ஆழம் குறைந்தது. முன்னால் மஞ்சள் துணி, பின்னால் கண்ணாடி. என் பிடிவாதமும் முதலாளியின் பிரியமும் ஒரே சட்டைக்குள் சமாதானமாகிவிட்டன. எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

காக்கித் துணியில் உறை தைத்தோம். வியர்வைக்கு உறையைக் கழற்றித் துவைக்க வசதியாகப் பக்கத்தில் நாடா வைத்துக் கட்டினோம். துணிச் சுருளோடு வந்த தாளில் ஈரமும் வெளிச்சமும் படாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. நாங்களும் சுருளைக் கறுப்புக் காகிதம் சுற்றி முதலாளியின் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருந்தோம். சட்டையாகிவிட்ட பிறகு அந்தத் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் உறைக்குள் போய்விட்டதே.

ஐந்து சட்டைகளும் ஐந்து பேருக்குப் போயின. மலைக்கோட்டை ஏறியவர் என்பதால் ஒன்று என் கணவருக்கு. அன்று முதல் அவர் அதைக் கழற்றவே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொள்வார். "போலீஸ்காரன் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத் திரியறான்," என்று மாமியார் சிரிப்பார். ஆனால் அது எதற்கு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "குண்டு உள்ள போகாதாம்மா? நிச்சயமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். "போகாது அத்தை," என்றேன். அன்று ராத்திரி எனக்குப் பிடித்த வாழைப்பூ வடை செய்தார். யுத்தத்தில் அப்படியொரு நாள் வந்ததே பெரிது.

நான் நிம்மதியாகத் தூங்கிய மாதங்கள் அவை. அவர் எந்த ஊருக்குப் போனாலும், கதவைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். நான் தேர்ந்தெடுத்த துணி அவரைச் சுற்றி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கர்வமாகவும் இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்?

பங்குனி வந்தது. ஒருநாள் கரண்ட் கட்டாகி, மதியத்தோடு பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். மாமியாரைக் காணவில்லை. அடையவளஞ்சான் வீதியில் மாடி வீடு எங்களுடையது. அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே நின்றால், சாரம் கட்டி எழும்பிக்கொண்டிருந்த ராஜகோபுரம் தெரியும். ஏறிப் போனேன். வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு பக்கம் மோர் மிளகாய். ஒரு பக்கம் பழைய வேட்டியில் கூழ் வடாம். நடுவில் பாய் விரித்து, அதன்மேல் என் கணவருடைய சட்டை. உறை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த துணி அடுக்கின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, புத்தகத்தைப்போல விரித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் விளக்குமாற்றுக் குச்சி வைத்து நிமிர்த்தியிருந்தது. மாமியார் படிக்கட்டு நிழலில் கையில் கம்போடு உட்கார்ந்து காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, என்ன இது?"

"வந்துட்டியா? வாரா வாரம் இந்தப் பாடுதாம்மா. என்னா வேர்வை, என்னா நாத்தம்! உறையை மட்டும் தொவைச்சா போகுதா? சோப்புப் போட்டு உள்ளே இருக்கறதையும் கல்லுல ரெண்டு போட்டாத்தான் போகுது. மேல காயுது, நடுவுல காயமாட்டேங்குது. அதான் தையலைப் பிரிச்சு விரிச்சு விட்டுட்டு, காஞ்சதும் தைச்சுடறேன். எலவம் பஞ்சுத் தலகாணின்னா ஒரு வெயில்ல உப்பிக்கும். இது உப்பவே மாட்டேங்குதே, என்ன பஞ்சு வச்சீங்க?"

நான் குனிந்து ஒரு மடிப்பை எடுத்தேன். தையல் ஓரத்தில், வெளிச்சம் படாத ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் அந்தப் பழைய மஞ்சள் இருந்தது. மற்றதெல்லாம் சுக்குக் காபி நிறத்துக்குப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு இழையைப் பிரித்து இழுத்தேன். உளி வைத்து வெட்டிய துணி. என் விரலில் இழை அறுந்தது.

எங்கள் ஊரில் வெயிலால் கெட்டுப்போன பொருள் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மெத்தையை வெயிலில் போடுவோம். அரிசியை, பருப்பை, புளியை, மிளகாயை, கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட வருஷத்துக்கு ஒருமுறை லேசான வெயிலில் போட்டு எடுப்போம். நோயாளியைக்கூட வெயிலில் உட்கார வைப்போம். வெயில் படாவிட்டால்தான் எதுவும் கெடும். திருச்சியில் பிறந்த எவருக்கும் இதுதான் தெரியும், முதலாளிக்கும் எனக்கும் சேர்த்து. அந்தத் தாளைப் படித்தபோது எங்களுக்குப் பீரோ ஞாபகம் வந்ததே தவிர, கொடி ஞாபகம் வரவில்லை.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "போதும் அத்தை, நான் எடுத்துக்கறேன்," என்று சொல்லி, குச்சிகளை உருவிவிட்டு, துணியைக் கீழே கொண்டுவந்தேன். பழைய தையல் துளைகளிலேயே ஊசியை விட்டு அவர் போட்டிருந்த தையல், நான் பட்டறையில் போட்டதைவிட ஒழுங்காக இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். இவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தார்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கு?"

"தாங்குமான்னு பார்த்தா தெரியாதுங்க. சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"சுட்டுப் பார்த்தா இது போயிடுமே. தாங்கிச்சுன்னா, நல்ல சட்டையை நாமளே ஓட்டை போட்டதாயிடும். அடுத்த வாரம் வெளியூர் டூட்டி. நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

"தாங்கலைன்னா?"

அவர் சட்டையைச் சுருட்டி ஒரு பையில் போட்டார். இரண்டு நாள் அந்தப் பை ஆணியில் தொங்கியது. அந்த இரண்டு நாளும் அவர் வேலைக்குப் போகும்போது பையிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வந்ததும் திரும்பப் பையில் போட்டார். பயம் என்றால் என்னவென்று அந்த இரண்டு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் அவர் கவசமில்லாமல் போனபோது பட்ட பயம் வேறு. இப்போது கவசத்தோடு போனார். அதை நம்பிக்கொண்டு, போகக்கூடாத இடத்துக்கும் முன்னால் போவார். மூன்றாம் நாள் காலையில் பையை என் கையில் கொடுத்தார். "வா, நானும் வரேன்," என்றார்.

அதே திடல், அதே களிமண் பெட்டி. முதலாளியும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை என்னை ஜீப்பில் இருக்கச் சொல்லவில்லை. ஒரு குண்டுதான் சுட்டார்கள். முதலாளி போய்ப் பெட்டியிலிருந்து சட்டையை அவிழ்த்தார். அவிழ்த்தவர் திரும்பவில்லை. பேனாவின் முனையால் களிமண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். நாங்கள் கிட்டப் போனோம். துணியும் போய், பின்னால் இருந்த கண்ணாடித் தகடும் போய், குண்டு களிமண்ணுக்குள் வெகு ஆழத்தில் கிடந்தது.

"பெருமாளே," என்றார் முதலாளி.

வீடு திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. கீழே ஆற்றில் மணல்தான் இருந்தது, ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே, "நேத்திக்கு இதைத்தானே போட்டுக்கிட்டிருந்தேன்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

மாமியாரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைச் சொல்வதானால், பத்து வருஷ யுத்தத்தில் இவ்வளவு பெரிய ஆயுதம் என் கைக்கு வந்ததில்லை. வடாமில் உப்பு அதிகம் என்று தொடங்கி என் சம்பளம் வரைக்கும் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் இது ஒன்றே பதிலாகிவிடும். அந்த நினைப்பு எனக்குள் வந்தது. வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

யோசித்ததற்கு வேலை இல்லாமல் போயிற்று. நாங்கள் கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவர் பையைத் திறந்து சட்டையை எடுத்து உதறியிருந்தார்.

"எலி கடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே துவாரத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டார். விரல் மறுபக்கம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பொசுங்கின மாதிரி இருக்கே."

"சுட்டுப் பார்த்தாங்கம்மா," என்றார் என் கணவர்.

மாமியார் என்னைப் பார்த்தார். "உள்ள போகாதுன்னு சொன்னியே?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் ஓரத்து மஞ்சளையும் நடுவில் இருந்த காபி நிறத்தையும் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்தார். அவராகத்தான் கேட்டார்.

"வெயிலா?"

"ஆமா அத்தை."

"தொவைச்சதும் நான். பிரிச்சு விரிச்சதும் நான்." அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். விரல் இன்னும் துவாரத்துக்குள்தான் இருந்தது. "பெத்த புள்ளைக்கு நானேவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து விரலை அதிலிருந்து எடுத்துவிட்டேன். "காயப்போட்டது நீங்க அத்தை. வெயில்ல காயப்போடக் கூடாத துணியைப் பொறுக்கி எடுத்து திருச்சிக்காரனுக்குக் கொடுத்தது நாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இதை எப்படித் தொவைக்கிறதுன்னு முதல் நாளே கேட்டிருப்பீங்க." அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. இன்றைக்கும் அதுதான் என் எண்ணம். எடை பார்த்தோம், ஆழம் பார்த்தோம், மலை ஏற்றிப் பார்த்தோம். துவைக்கிறவரிடம் காட்டவில்லை.

பின்னால், மஞ்சள் துணியைத் தண்ணீர் புகாத கறுப்பு உறைக்குள் வைத்து, பிரிக்கவே முடியாதபடி நான்கு பக்கமும் ஒட்டினோம். முன்னைவிடக் கொஞ்சம் புழுங்கும். கழற்றாத சட்டைக்கும் கெடாத சட்டைக்கும் நடுவில் அப்படி ஒரு ஒப்பந்தம். அதற்குப் புதுத் துணி வந்து சேர மழைக்காலம் ஆகிவிட்டது.

ஓட்டையைப் பார்த்த மறுநாள் காலையில் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார். முந்தின ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

"மத்த நாலு சட்டை யார் யார் வீட்டுல இருக்கு?"

"ஆபீஸ்லேருந்து சர்க்குலர் அனுப்புவாங்க அத்தை. எல்லாத்தையும் திருப்பி வாங்கிடுவாங்க."

"சர்க்குலர் வர்ற வரைக்கும் வெயில் சும்மா இருக்குமா?"

என் கணவர் பெயர்களைச் சொன்னார். எல்லோரும் ஆயுதப்படைக் குடியிருப்பில் இருப்பவர்கள்தான். மாமியார் ஓட்டைச் சட்டையை வயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லாதவர். நான் வருகிறேன் என்றேன். "நீ வந்தா இங்கிலீஷ்ல பேசுவே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வர மூன்று மணி ஆகிவிட்டது. கூடையை வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே குடித்தார்.

"ரெண்டு வீட்டுல பொட்டியில இருந்துச்சு. ரெண்டு வீட்டுல கொடியில தொங்கிச்சு," என்றார். "ஒருத்தி, சின்னப் பொண்ணு, சட்டைக்கு நீலம் வேற போட்டிருக்கா. நான் ஓட்டைக்குள்ள அவ விரலைப் பிடிச்சு விட்டேன். பயந்துட்டா. எந்தப் பாவி இப்படிப் பண்ணினதுன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரோன்னு சொன்னா மறந்துடுவா. பெத்தவளே பண்ணினான்னு சொன்னாத்தானே பயம் இருக்கும்? ஓடிப் போய் ஈரத்தோட எடுத்துக்கிட்டு வந்துட்டா."

அடுத்த வாரம் என் கணவர் வெளியூர் டூட்டிக்குக் கிளம்பினார். முதல் நாள் சாயங்காலமே இரும்புச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். காலையில் பனியனுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, முதுகுப் பக்கத்துத் தோல் வார் எட்டாமல் திணறினார். நான் போவதற்குள் மாமியார் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டினார். பிறகு உள்ளங்கையால் அந்த இரும்பை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

வாசலில் ஜீப் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஏறி, இருக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார். அன்று முழுவதும் அந்த ஸ்பிரிங் அவரைக் குத்தியிருக்கும்.